ஓபி சீட்டுக்கு வெளியே ஓர் ஊர்: புது டாக்டர்களுக்குப் பொது சுகாதாரம் எங்கே, எப்படிக் கற்றுத்தரப்படுகிறது?

ஒரு திங்கட்கிழமை காலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், தாமல் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பொதுவான ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். எம்பிபிஎஸ் முடித்து, தேர்வு எழுதி, உதவி மருத்துவராகப் பணியில் சேர்ந்து பத்தே நாளான ஒரு பெண் மருத்துவர். வாசலில் வரிசை. முதல் அரை மணி நேரத்தில் மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்துவிட்டார்கள்.

"ராத்திரியிலிருந்து அஞ்சாறு தடவை போயிடுச்சு டாக்டரம்மா" என்கிறார் ஒரு தாய். நீரிழப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும், ஓஆர்எஸ் பாக்கெட், துத்தநாக மாத்திரை, எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். இதெல்லாம் அந்த மருத்துவருக்கு நன்றாகவே தெரியும். ஐந்தரை ஆண்டு படிப்பு அதற்குத்தான்.

ஆனால் அந்த மூன்று குழந்தைகளும் ஒரே தெருவா? ஒரே குடிநீர்த் தொட்டியா? ஞாயிற்றுக்கிழமை ஏதாவது விசேஷத்தில் சாப்பிட்டார்களா? ஓபி சீட்டில் இந்தக் கேள்விகளுக்குக் கட்டம் கிடையாது. கேட்காமல் விட்டால் அன்றைக்கு யாரும் குறை சொல்லப் போவதில்லை. புதன்கிழமை முப்பது பேர் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்.

அந்த நாலு கேள்வியைக் கேட்க வைப்பதைத்தான் 'பொது சுகாதாரத் திறன்' என்கிறார்கள். அதை யார் கற்றுத்தருகிறார்கள், எவ்வளவு நாள், அது போதுமா என்பதுதான் இங்கே விஷயம்.

நோயாளி ஒருவர், ஊர் முப்பதாயிரம்

மருத்துவக் கல்லூரியில் மாணவர் பார்ப்பது பெரும்பாலும் படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளியை. பக்கத்தில் பேராசிரியர், முதுநிலை மாணவர், லேப், ஸ்கேன் எல்லாம் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்சியே வேறு. சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். அதற்குக் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர்.

அதாவது இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் அந்த நாற்காலியில் உட்காரும் மருத்துவரின் பொறுப்பில் வருவது வரிசையில் நிற்கும் 150 பேர் மட்டுமல்ல, அன்றைக்கு வராத மீதி ஆயிரக்கணக்கானவர்களும்தான். தடுப்பூசி தவறிய குழந்தை, மாத்திரையைப் பாதியில் நிறுத்திய காசநோயாளி, ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் என்று எல்லோரும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்த இடத்தில் ஏற்கெனவே இருபது வருடம் வேலை பார்த்த செவிலியர் இருப்பார், சுகாதார ஆய்வாளர் இருப்பார். ஊரில் எந்தத் தெருவில் தண்ணீர் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் போகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புது மருத்துவர் அதிகாரி என்ற முறையில் அவர்களை வேலை வாங்க வேண்டும். அதே நேரம் அவர்களிடம்தான் கற்றுக்கொள்ளவும் வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை.

1946-ல் சொன்ன மூன்று மாதம்

இந்தப் பேச்சு புதிதல்ல. 1943-ல் அமைக்கப்பட்டு 1946-ல் அறிக்கை கொடுத்த ஜோசப் போர் குழுதான் சுதந்திர இந்தியாவின் சுகாதாரக் கட்டமைப்புக்கு வரைபடம் போட்டது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற யோசனையே அங்கிருந்துதான் பெரிதாகப் பரவியது. அந்தக் குழு சொன்ன இன்னொன்று: மருத்துவ மாணவர்கள் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற வேண்டும், 'சமூக மருத்துவர்'களாக வெளியே வர வேண்டும்.

1975-ல் ஸ்ரீவாஸ்தவ் குழு மறுபடி அதே கவலையை எழுப்பியது. மருத்துவக் கல்வி நகர மருத்துவமனையைச் சுற்றியே சுழல்கிறது என்றது. 1977-ல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று ஒரு மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. கிராமங்களுக்குப் போக நடமாடும் மருத்துவமனை வண்டிகள் கொடுத்தார்கள். கிராமத்துச் சாலைகளுக்கு அந்த வண்டிகள் ரொம்பப் பெரிசு என்பது அந்தத் திட்டத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் விமர்சனம். மருத்துவக் கல்வி மொத்தத்துக்குமே இது பொருந்தும் என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம்.

இப்போதைய நிலை என்ன? தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் வெளியிட்ட கட்டாய சுழற்சிமுறைப் பயிற்சி விதிகளின்படி, எம்பிபிஎஸ் முடித்தவர்கள் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியில் 12 வாரம் சமூக மருத்துவத் துறையில், களத்திலேயே தங்கிப் பணியாற்ற வேண்டும். முன்பு இது இரண்டு மாதமாக இருந்தது. மொத்தம் 52 வாரத்தில் எந்தத் துறைக்கும் இவ்வளவு நேரம் இல்லை; பொது மருத்துவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் தலா 6 வாரம்தான்.

12 வாரம் என்றால் மூன்று மாதம். போர் குழு கேட்டதற்கும் இதற்கும் இடையே சரியாக 75 ஆண்டு.

அந்த 12 வாரத்தில் என்ன நடக்க வேண்டும்?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'பொது சுகாதாரம்' என்று சொன்னாலே விழிப்புணர்வுப் பேரணி, பேனர், கை கழுவும் செயல்முறை விளக்கம் என்று ஒரு படம் மனதில் வரும். உண்மையில் இது கணக்கும் கால்நடையும் சேர்ந்த வேலை.

அந்த வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கே வருவோம். முதல் வேலை ஒரு பட்டியல். பெயர், வயது, தெரு, எப்போது ஆரம்பித்தது, எங்கே தண்ணீர் பிடிக்கிறார்கள், கடந்த மூன்று நாளில் எங்கே சாப்பிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. அடுத்தது, ஊரின் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. 1854-ல் லண்டனில் ஜான் ஸ்னோ காலரா மரணங்களை இப்படித்தான் புள்ளி வைத்துப் பார்த்தார். பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிப் புள்ளிகள் குவிந்திருந்தன. காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டியது அதற்குச் சுமார் முப்பது வருடம் கழித்து. கிருமி எது என்று தெரியாமலேயே பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லலாம் என்பதுதான் அதில் கற்க வேண்டியது.

மூன்றாவது, கணக்கு. ஓர் உதாரணம்: கிழக்குத் தெருவில் 36 பேருக்கு வயிற்றுப்போக்கு, மேற்குத் தெருவில் 6 பேருக்கு. கிழக்குத் தெருவில்தான் பிரச்சினை என்று உடனே சொல்லலாமா? தெருவில் மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாமல் சொல்லக் கூடாது. கிழக்கில் 240 பேர் என்றால் நூற்றுக்கு 15 பேர் பாதிப்பு. மேற்கில் 300 பேர் என்றால் நூற்றுக்கு 2 பேர். இப்போது ஏழரை மடங்கு வித்தியாசம் கையில் இருக்கிறது. இரண்டு தெருவுக்கும் வேறு வேறு தொட்டி என்றால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. வகுத்தல் தெரிந்தால் போதும். ஆனால் வகுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் பயிற்சி.

நான்காவது, நேரம். இது பலரும் தடுக்கி விழும் இடம். காலரா என்றால் கிருமி உள்ளே போன சில மணி நேரம் முதல் ஐந்து நாளுக்குள் நோய் தெரியும். எனவே நேற்று, முந்தாநாள் தண்ணீரைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஊரில் பத்துப் பேருக்கு மஞ்சள் காமாலை என்றால்? ஏ வகை ஹெபடைடிஸ் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். இன்றைக்குக் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்து 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சான்று கொடுப்பதில் அர்த்தமில்லை. போன மாதம் எங்கே குழாய் உடைந்தது, எப்போது ரோடு தோண்டினார்கள், எந்த வாரம் தண்ணீர் கலங்கலாக வந்தது என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியர். அவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுவது தொற்றுநோயியலில் ஒரு முக்கியமான பரிசோதனை முறை என்றே சொல்லலாம்.

எழுபது கிராம் பிளீச்சிங் பவுடர்

சரி, தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. அடுத்து? 'குளோரின் போடச் சொல்லிட்டேன்' என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம். எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டால்தான் யாருக்குப் பயிற்சி கிடைத்தது என்பது தெரியும்.

ஒரு கிணறு. விட்டம் 3 மீட்டர், தண்ணீரின் ஆழம் 4 மீட்டர். 3.14-ஐ விட்டத்தின் வர்க்கத்தாலும் ஆழத்தாலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் 28.26 கன மீட்டர். லிட்டரில் 28,260. நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிராம் என்பது தோராயக் கணக்கு. ஆக, சுமார் 70 கிராம். தண்ணீர் எவ்வளவு அழுக்கோ அதற்கேற்ப இது கூடும். அதைக் கண்டுபிடிக்கவும் எளிய சோதனை உண்டு. பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது.

தொட்டித் தண்ணீர் என்றால் கடைசிக் குழாயில் சோதிக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் குளோரின் இருப்பது பெரிய விஷயமில்லை. தெருக்கோடியில், மேட்டில் இருக்கும் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நோய்ப் பரவல் நேரத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஈரமான அறையில் வாய் திறந்த மூட்டையில் கிடந்த பிளீச்சிங் பவுடரில் வாசனை இருக்கும், வீரியம் இருக்காது.

எழுபது கிராமா, ஏழு கிலோவா என்பது புது மருத்துவருக்குத் தெரியாவிட்டால் என்ன ஆகும்? சுகாதார ஆய்வாளருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார். அப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. ஆய்வாளர் பணியிடம் காலியாக இருக்கும் ஊரில் என்ன என்பதுதான் கேள்வி.

காஞ்சிபுரம் என்ற பள்ளிக்கூடம்

பொது சுகாதாரம் கற்க ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் காஞ்சிபுரம் வட்டாரத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். பட்டுத்தறி, கோயில் கூட்டம், ஏரிப் பாசனம், நெடுஞ்சாலை, தொழிற்சாலை எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

கோயில் கூட்டத்துக்கு 2019-ஐ விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அத்திவரதர் வைபவம் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் நடந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். சில லட்சம் பேர் வாழும் ஊருக்கு ஒரு கோடி பேர் வந்தால் குடிநீர், கழிப்பறை, அன்னதானம், குப்பை, வெயில் மயக்கம், நெரிசல், வெளியூர்க்காரர் கொண்டுவரும் காய்ச்சல் என்று எல்லாமே சுகாதாரத் துறையின் வேலையாகிவிடும். வரதராஜ பெருமாள் கோயிலைச் சுற்றி மருத்துவ முகாம்கள் போட்டார்கள். முகாமில் உட்கார்ந்து மாத்திரை கொடுத்த ஒரு பயிற்சி மருத்துவருக்கு அது வெறும் கூடுதல் டியூட்டி. இன்றைக்கு எத்தனை பேர் மயக்கத்தோடு வந்தார்கள், அதில் எத்தனை பேர் எந்த வாசல் வரிசையில் நின்றவர்கள், நிழலும் தண்ணீரும் எங்கே இல்லை என்று அன்றன்றைக்கு எண்ணச் சொல்லியிருந்தால் அதே டியூட்டி ஒரு பாடமாகியிருக்கும்.

நெசவுக்கு வருவோம். குழித்தறியில் உட்காருபவரின் கால் நாள் முழுக்கக் குழிக்குள். இடுப்பும் தோளும் ஒரே கோணத்தில். கண் சரிகை இழையில். முதுகுவலி என்று வருபவருக்கு வலி மாத்திரை கொடுத்து 'ரெஸ்ட் எடுங்க' என்று சொல்வது எளிது. கூலிக்கு நெய்பவருக்கு ஓய்வு என்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. சர்க்கரை நோய் இருக்கும் நெசவாளரின் பாதத்தைப் பார்த்தாரா மருத்துவர்? குழிக்குள் கால் வைத்து மிதிக்கும் வேலையில் பாதத்தில் சிறு புண் வந்தால் எப்போது தெரியும்? டெங்கு கொசு பகலில் கடிப்பது. வெளிச்சம் குறைந்த மூலையும் நீர் சேர்த்து வைத்த பாத்திரமும் அதற்குப் பிடித்தமானவை. அப்படியென்றால் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே தறியில் இருக்கும் குடும்பங்களை எப்படிக் கவனிக்க வேண்டும்? இதற்கெல்லாம் தயார் பதில் கிடையாது. ஒரு நாள் தறி வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்தால் கேள்வியாவது சரியாக வரும். இதைத்தான் பாடத்திட்டத்தில் 'சமுதாய நோயறிதல்' என்கிறார்கள்.

வரலாறும் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி பற்றிய உலகின் மிகப்பெரிய கள ஆய்வுகளில் ஒன்று 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் தொடங்கியது. காஞ்சிபுரம் அப்போது அந்த மாவட்டத்தின் பகுதி. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகம் முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பியது. குழந்தைகளுக்கு வரும் தீவிர வகைக் காசநோயிலிருந்து பாதுகாப்பதால் அது இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. வீடு வீடாகப் போய், பெயர் எழுதி, வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததால் கிடைத்த உண்மை அது.

2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் நோய்கள் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

தமிழ்நாடு ஏன் கொஞ்சம் வேறு மாதிரி?

இந்தியாவின் பல மாநிலங்களில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து தனியாக, பொது சுகாதாரத்துக்கென்றே ஓர் இயக்ககம். 2022-ல் அது நூற்றாண்டு கொண்டாடியது. 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. நாட்டிலேயே அப்படியொரு சட்டம் அதுதான் முதல். குடிநீர், கழிவு, தொற்றுநோய், திருவிழா, சந்தை எல்லாவற்றிலும் சுகாதார அலுவலர் தலையிட அது அதிகாரம் கொடுத்தது.

இந்த அமைப்பைப் பற்றி உலக வங்கி ஆய்வாளர் மோனிகா தாஸ் குப்தாவும் சக ஆய்வாளர்களும் 2009-ல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். களத்தில் அனுபவம் பெற்று, பிறகு பொது சுகாதாரத்தில் பட்டம் பெற்று, மாவட்டத்தை நிர்வகிக்கும் அளவுக்கு உயரும் மருத்துவர் பிரிவு ஒன்று தமிழ்நாட்டில் இருப்பதை மற்ற மாநிலங்களுக்கான பாடமாக அவர்கள் காட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் வெடிக்காததற்கு இந்த அமைப்புக்கும் பங்கு உண்டு. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, எல்லா மாநிலங்களும் இப்படியொரு பிரிவை உருவாக்க வேண்டும் என்றது.

தாய்மார்கள் விஷயத்தையும் பார்க்கலாம். பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு மரணத்தையும் தணிக்கை செய்வது தமிழ்நாட்டில் நீண்டநாள் நடைமுறை. 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய்மார் மரணம் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. அந்தத் தணிக்கைக் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்வி எந்த ரத்தக்குழாய் வெடித்தது என்பதோடு நிற்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆனது, வண்டி கிடைக்க எவ்வளவு, வந்த பிறகு சிகிச்சை தொடங்க எவ்வளவு என்று மூன்று தாமதங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன் ஒருவர் இப்படி ஒரே ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால்கூட, பிற்பாடு ஒரு கர்ப்பிணியை 'நாளைக்கு வாங்கம்மா' என்று திருப்பி அனுப்பும் முன் ஒருமுறை யோசிப்பார்.

காசநோயில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இன்னொரு நல்ல உதாரணம். நோய் உறுதியானவுடன் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பாமல், யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார் என்று முதலில் பிரிக்க வேண்டும். அதற்கு என்ன கருவி? எடை மெஷின், உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, மூச்சை எண்ண ஒரு கடிகாரம். பிறகு, 'பிடிக்காமல் எழுந்து நிற்க முடியுதா?' என்ற கேள்வி. இவற்றில் தவறுபவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவான முறை இது. விலை உயர்ந்த மெஷின் எதுவும் இதில் இல்லை. முதல் நாளே செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் வேண்டும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனது. 2024-ல் ஐநா விருதும் பெற்றது. வீட்டுக்கு மாத்திரை போகிறது, சரி. ஊரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டிச் சொல்ல வேண்டியவர் அங்கேயுள்ள மருத்துவர்.

பிறகு எங்கே இடிக்கிறது?

விதியில் 12 வாரம் இருக்கிறது. ஊரிலும் பாடம் கொட்டிக்கிடக்கிறது. பிறகு என்ன பிரச்சினை?

ஹவுஸ் சர்ஜன் வருடம்தான் முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கும் வருடமும். வார்டு டியூட்டியில் நேரம் கிடைக்காது. எனவே சமூக மருத்துவப் பயிற்சிக் காலம் 'படிக்கக் கிடைத்த காலம்' என்ற எண்ணம் மாணவர்களிடையே சகஜம். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாளைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தேர்வில் கொள்குறிக் கேள்விக்கு மதிப்பெண் உண்டு. தொட்டியூழியரிடம் பேசியதற்குக் கிடையாது. எதை அளக்கிறார்களோ அதைத்தான் படிப்பார்கள்.

2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டமே திறன் அடிப்படையில் மாற்றப்பட்டது. 2022-ல் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக்காலம் முழுக்கத் தொடர வேண்டும் என்ற திட்டமும் வந்தது. நல்ல யோசனை. ஆனால் பேருந்தில் ஐம்பது மாணவர்கள் வந்திறங்கி, மதியத்துக்குள் படிவம் நிரப்பிப் போனால், 'இவங்க வந்து எழுதிக்கிட்டுப் போறாங்க, அப்புறம் ஒண்ணுமில்லையே' என்று அந்தக் குடும்பம் கேட்பதில் தப்பில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் அரசு ஒரே தடவையில் 2,600-க்கும் மேற்பட்ட உதவி மருத்துவர்களுக்குப் பணி ஆணை கொடுத்தது. இத்தனை பேருக்கும் கையைப் பிடித்துக் கற்றுத்தர மூத்த மருத்துவர்கள் களத்தில் இருக்க வேண்டும். அதுதான் உண்மையான தட்டுப்பாடு.

தனியார் கிளினிக் போடுபவர்கள் தனிக் கதை. காய்ச்சல் என்றால் பலரும் முதலில் போவது தெருமுனை டாக்டரிடம்தான். காசநோயாளியைக் கண்டால் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். மழைக்காலத்தில் ஒரே தெருவிலிருந்து நாலு டெங்கு வந்தால் யாருக்குப் போன் செய்வது என்பது ஒரு புது டாக்டரின் செல்போனில் இருக்க வேண்டிய எண். தனியாருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுக்காமல் ஊரின் பாதிக் காய்ச்சல் கணக்குக்கே வராது.

பக்கத்தில் எப்படிச் செய்கிறார்கள்?

இலங்கையில் இது நூறு ஆண்டுப் பழக்கம். 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கப்பட்டது. ஒரு பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர் என்ற அமைப்பு அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் வீட்டுச் சொற்கள். அங்கே இந்த வைத்திய அதிகாரியின் முதன்மை வேலை ஓபி பார்ப்பதல்ல. தடுப்பூசி, தாய்சேய் நலம், உணவுப் பாதுகாப்பு, நோய்க் கண்காணிப்புதான். அதற்கான பயிற்சி நிறுவனமும் களுத்துறையிலேயே வளர்ந்தது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் இரண்டு வேலையையும் பார்க்கிறார். காலையில் ஓபி, மதியம் ஊர். காலை வேலை மதியத்தை விழுங்கிவிடுவதுதான் வழக்கம்.

தாமலைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பின் ஆரம்பக் கட்டத்திலேயே கிராமத்தில் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, தங்கள் தரவைத் தாங்களே ஆராய்ந்து, ஊராருக்கே திரும்பச் சொல்கிறார்கள். கே.வி.குப்பம் பகுதியில் 1977 முதல் அந்தக் கல்லூரியின் ஊரக சுகாதார மையம் இயங்குகிறது. வேலையை விடாமல் குடும்ப மருத்துவம் படிக்க அதே கல்லூரி 2006 முதல் தொலைதூரப் படிப்பும் நடத்துகிறது. பூந்தமல்லி பொது சுகாதார நிறுவனத்தில் அரசு மருத்துவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி உண்டு. இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்குத் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் 2001 முதல் களத் தொற்றுநோயியல் பயிற்சி இருக்கிறது. தில்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012 முதல் இரண்டாண்டுப் பயிற்சி நடத்துகிறது. ஆனால் இவையெல்லாம் ஏற்கெனவே ஆர்வம் வந்துவிட்டவர்களுக்கான கதவுகள். பணியில் சேர்ந்து பத்து நாளான அந்த மருத்துவருக்கு இன்றைக்குத் தேவை ஒரு தொலைபேசி எண்ணும், எடுத்துப் பேசுகிற ஒரு சீனியரும்.

திங்கட்கிழமைக்குத் திரும்பினால்

நாலாவது குழந்தை வரும்போது அந்த மருத்துவர் தாயிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எந்தத் தெரும்மா நீங்க? தண்ணி எங்க பிடிக்கிறீங்க?" பதில் ஒத்துப்போகிறது. செவிலியரைக் கூப்பிட்டுப் பழைய நோட்டில் நாலு வரி எழுதச் சொல்கிறார். சுகாதார ஆய்வாளருக்குப் போன். கடைசிக் குழாய் நீரில் குளோரின் பார்க்கச் சொல்கிறார். வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு தகவல். நோய்க் கண்காணிப்பு இணையதளத்தில் பதிவு. 2021 முதல் இந்தப் பதிவுகள் நாடு முழுக்க ஒரே தளத்தில் ஏறுகின்றன. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். வெளியே வரிசை நீண்டுவிட்டது, இரண்டு பேர் சத்தம் போடுகிறார்கள்.

இதில் ஊர்க்காரர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ, மஞ்சள் காமாலையோ இருந்தால் சிகிச்சைக்குப் போகும்போது 'பக்கத்து வீட்லயும் இதேதான்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். தனியார் டாக்டராக இருந்தாலும் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் பரவாயில்லை. தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தேதியிலிருந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற ஐந்தையும் குறித்து வைத்துக்கொண்டு பேசினால், போனின் மறுமுனையில் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.